விலை கூடினால் மரம் கூடக் காய்க்குமோ என்று நீ கேட்டாய்

தம்பி,

நேற்று மத்தியானம் நீ தொலைபேசியில் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு நான் ஒரு சொல்லும் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. கொடிகாமம் சந்தை கலைகிற நேரம் அது. என்னைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள், ஒருத்தி என் மடியில் முருங்கைக்காய்க் கட்டைத் திணித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் வாயைத் திறந்திருந்தால் நான் வழக்கமாகச் சொல்லும் புத்திமதியைத்தான் சொல்லியிருப்பேன். அது இந்த முறை உதவாது என்பது மட்டும் எனக்கு உடனே தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கொழும்பு வியாபாரிகளுக்குத் தவிர வேறு யாருக்கும் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஆறுதலாக வாசி. வேறு யாராவது வாசித்தாலும் எனக்கு வெட்கமில்லை. பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பிவிட்டு ஊருக்கெல்லாம் பெருமை சொல்லிக்கொண்டிருக்கும் தாய்மார் இந்தச் சந்தையிலேயே நாலைந்து பேர் இருக்கிறோம். அவர்களுக்கும் உதவட்டும்.

நீ சொன்னதை நான் விளங்கிக்கொண்டது இப்படி. பயிர் பச்சைகளின் விலை எப்படி ஏறி இறங்குகிறது என்று உன்னை ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். நீ உன் விரிவுரையாளர் எழுதிய புத்தகத்திலிருந்தே நாலு பக்கத்தை, யாருடைய எழுத்து என்று சொல்லாமல், ஒரு சொல்லும் மாறாமல் எழுதிக் கொடுத்தாய். அவர்களுடைய கணினி அதைப் பிடித்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை மூன்று பேர் இருந்து உன்னை விசாரிக்கப் போகிறார்கள். அந்தப் பாடம் போகலாம், இந்த வருடமே போகலாம், பல்கலைக்கழகத்தை விட்டே அனுப்பினாலும் அனுப்பலாம். லண்டனில் உன்னை வைத்திருக்கும் மாமா உன்னிடம், சுகமில்லாமல் வருத்தமாக இருந்தது என்று ஒரு டொக்டரின் கடிதம் எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். கடைசியில் நீ, "அம்மா, நான் வந்திடட்டே?" என்று கேட்டாய்.

இவ்வளவுக்கும் நடுவில் நீ சொன்ன ஒன்றுதான் நேற்றிலிருந்து என்னை இருக்க விடவில்லை. "நான் களவெடுக்கேல்லை அம்மா. அந்தாள் எழுதினதைவிட வடிவா நான் என்னெண்டு எழுதிறது? அவரின்ரை புத்தகத்தைத்தானே அவருக்கே எழுதிக் குடுத்தனான். அவருக்குச் சந்தோசமா இருக்குமெண்டு நினைச்சன்." இதைக் கேட்டு அந்த ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். நான் நம்புகிறேன். ஏனென்றால் அந்த நினைப்பை உனக்குள் வைத்தவள் நான்.

நீ உயர்தரம் படித்த காலத்தில், காலை ஐந்தரைக்கு நான் மாங்காய் தரம் பிரித்துக்கொண்டு இருப்பேன். பெரியது ஒரு பெட்டி, நடுத்தரம் ஒரு பெட்டி, அடிபட்டது சாக்கு. நீ எதிரே சம்மணம் கட்டி உட்கார்ந்து ரியூசன் சேர் தந்த மாதிரி விடைகளை மனப்பாடமாகச் சொல்லுவாய். கொப்பி என் முழங்காலில் இருக்கும். எனக்குப் பொருளியல் தெரியாது, ஆனால் எழுத்துத் தெரியும். ஒரு சொல் மாறினாலும் பிடித்துவிடுவேன். "ஆகையால்" என்று இருந்த இடத்தில் நீ "அதனால்" என்று சொன்னதற்கு முழுவதையும் மறுபடி சொல்ல வைத்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. "இரண்டும் ஒண்டுதானே அம்மா" என்றாய். "சேர் ஏன் அப்ப அதை எழுதேல்லை?" என்றேன். சோதினையில் உனக்கு மூன்று ஏ வந்தது. ரியூசன் கொட்டிலுக்கு முன்னால் உன் முகம் பதாகையில் ஒரு மாதம் வெயில் காய்ந்தது. அந்த வழியால் லொறியில் போகும் ஒவ்வொரு முறையும் சாரதியை மெதுவாகப் போகச் சொல்லுவேன். அந்தப் பதாகையில் பாதி நான் என்று எனக்கு நினைப்பு. இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் பெருமையிலும் பாதி என்றால் வியாழக்கிழமையிலும் பாதி என்னுடையது.

இனி எழுதப்போவதன் முடிவை நீ அறிய மாட்டாய்.

ஒருநாள் நீ சொல்லிக்கொண்டு வந்து பாதியில் நின்றுவிட்டாய். எந்தப் பொருளுக்கும் விலை கூடினால் அதன் நிரம்பல் கூடும் என்று சேர் எழுதியிருந்தார். நிரம்பல் என்றால் சந்தைக்கு வருகிற அளவு என்று நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். என் கையில் கறுத்தக்கொழும்பான் மாங்காய் ஒன்று இருந்தது. நீ அதைக் காட்டி, "அம்மா, இதுக்கு விலை கூடினா மரம் கூடக் காய்க்குமோ? இது பிழையெல்லே?" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. சேருக்குப் பிழை பிடிக்கிற பிள்ளை உருப்படாது என்பது என் நம்பிக்கை. "சேரைவிடப் பெரிய ஆளா வந்திட்டீரோ?" என்று கேட்டுவிட்டு, அன்று பின்னேரமே ஒரு பை நிறைய மாம்பழத்தோடு உன்னை அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

"சேர், இவன் உங்கடை நோட்சிலை பிழை எண்டு கதைக்கிறான். மன்னிப்புக் கேக்கக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

சேர் நல்ல மனிதர். சிரித்தார். "பிள்ளையள் அப்பிடித்தானே கேக்குங்கள். தம்பி, சோதினைக்கு நான் தந்ததை எழுதினாக் காணும். யோசிக்கிறதைப் பிறகு யோசிக்கலாம்" என்றார். நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாய். அதற்குப் பிறகு எதையும் பாதியில் நிறுத்தியதும் இல்லை. பையன் திருந்திவிட்டான் என்று அப்பாவிடம் சொன்னேன்.

நீ லண்டனுக்குப் போக இரண்டு கிழமை இருந்தபோது, மாம்பழப் பெட்டிக்கு அடியில் விரிப்பதற்கு வழக்கம்போல் பழைய தாள் கட்டு ஒன்று வாங்கினேன். ரியூசன் பிள்ளைகள் சோதினை முடிந்ததும் எடைக்குப் போடும் தாள்கள். அதில் உன் சேரின் நோட்ஸ் இருந்தது, உனக்கு அடுத்த வருடப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. உன்னோடு சேர்ந்து எனக்கும் பாடமாகிப் போன வரிகள், அதனால் கை நின்றது. அந்த இடத்தில் ஒரு வரி புதிதாக இருந்தது: மாம்பழம் போன்ற விளைபொருள்களுக்கு, ஒரு பருவத்துக்குள் விலை கூடினாலும் நிரம்பல் அதிகரிக்காது. மாம்பழம் போன்ற! எங்கள் பையில் இருந்த பழத்தைத் தின்றுகொண்டு மனிதர் யோசித்திருக்கிறார். நீ கேட்டது சரி. சேர் அதை ஏற்றுக்கொண்டு திருத்தியும் விட்டார். நான்தான் அந்தத் தாளை மடித்து அலுமாரியில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டு உன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன். பிளேன் ரிக்கற் எடுத்தாகிவிட்டது, இந்த நேரத்தில் இவனுக்கு வாத்தியாரை மறுத்துக் கதைக்கும் தைரியம் வந்தால் போன இடத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வான் என்று நினைத்தேன். வாயைத் திறக்காமல் மாட்டிக்கொள்வாய் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தாளை இந்தக் கடிதத்தோடு படம் எடுத்து அனுப்புகிறேன். ஒரு மூலையில் மாம்பால் கறை இருக்கும், அது என் கை.

போன வருடம் நீ ஒரு கதை சொன்னாய், நினைவிருக்கிறதா? ஆள் குறைந்த சின்ன வகுப்பு ஒன்றில் அந்த விரிவுரையாளர் ஒவ்வொருவராக, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டுக்கொண்டு வந்தாராம். உன் முறை வந்தபோது, "நீங்கள் சொன்னதுதான் சேர் சரி" என்றாயாம். எல்லோரும் சிரித்தார்களாம். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னாராம், உனக்கு நாக்கு வளையவில்லையாம். நீ பகிடியாகத்தான் சொன்னாய், ஆனால் குரலில் ஒரு கேள்வி இருந்தது. நான் என்ன சொன்னேன்? "நல்லது அப்பன், அடக்கமா இருந்து படிச்சு முடிச்சிட்டு வா" என்றேன். அந்த மனிதர் உன்னிடம் கேட்டது உன் சரக்கை. நீ அவருடைய சரக்கையே அவருக்குத் திருப்பி விற்றாய். நான் கைதட்டினேன்.

உனக்கு மட்டும் நடந்ததாக நினையாதே. நான் வியாபாரத்துக்கு வந்த முதல் வருடம் செய்ததும் இதே வேலைதான். மா பூக்கிற தை மாதத்தில் மிருசுவில், வரணி, கச்சாய் என்று தோட்டம் தோட்டமாகப் போய், பூவைப் பார்த்து மரத்தை அந்தப் பருவத்துக்குப் பேசி எடுக்க வேண்டும். எனக்கு மரம் தெரியாது. ஆனால் நாற்பது வருடம் மரம் பார்த்த ஒரு பெரியவர் இருந்தார். அவர் எந்த மரத்தடியில் கூட நேரம் நிற்கிறாரோ அந்த மரத்தை அவருக்கு முன்னால் பேசி எடுத்துவிடுவேன். நாலைந்து மரம் நன்றாகவே அமைந்தது. நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் வரணியில் ஒரு மரத்தடியில் அவர் நின்றார். அப்படி ஒரு நிற்பு. அடிமரத்தைத் தடவினார், அண்ணாந்து பார்த்தார், போய் மறுபடி வந்து பார்த்தார். இலையே தெரியாத அளவுக்குப் பூ. அன்றைக்கே ஓடிப்போய் எடுத்தேன். மாசி முடிவதற்குள் அவ்வளவு பூவும் கருகிக் கொட்டி, மரத்தடி சாம்பல் கொட்டின மாதிரிக் கிடந்தது. அந்த மரம் வருடா வருடம் அப்படிப் பூத்துக் கொட்டுகிற மரமாம், பெரியவருக்கு அது முன்பே தெரியுமாம். சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது. "அக்கா, இந்த முறை பூமாலையோ விக்கப்போறியள்?" என்று வெற்றிலைக் கடைக்காரன் கேட்டதை நீ இன்றைக்கும் போய் விசாரிக்கலாம்.

நான் நேரே அந்தப் பெரியவரிடம் போனேன். "ஐயா, நான் உங்களைப் பாத்துத்தான் மரம் எடுத்தனான்" என்றேன். "தெரியும் பிள்ளை. நீர் ஒருநாளும் மரத்தைப் பாக்கேல்லை. என்ரை முகத்தைத்தான் பாத்தனீர்" என்றார். எனக்குக் காது வரை சுட்டது. ஆனால் சந்தை நடுவில் வைத்து நான் அதை ஒத்துக்கொண்ட பிறகு ஒரு விசயம் நடந்தது. அடுத்த கிழமையிலிருந்து ஆட்கள் என்னிடம் மரத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். தெரியாது என்று ஒத்துக்கொண்டவளுக்குச் சொல்லித்தர எல்லோருக்கும் விருப்பம். தெரிந்தவள்போல் நடித்த வரைக்கும் ஒருவரும் சொல்லித்தரவில்லை. இந்தத் தொழிலை நான் படித்தது அதற்குப் பிறகுதான்.

இனி மாமாவின் யோசனை. நேற்றுப் பின்னேரம் அவரே தொலைபேசி எடுத்துக் கதைத்தார். உன்னைத் தன் வீட்டில் வைத்துப் பார்க்கிற மனிதர், உன் மேல் அன்பில்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"தங்கச்சி, ஒரு கடிதம் எடுக்கிறது இஞ்சை பெரிய வேலையில்லை. பெடியனுக்கு மன அழுத்தம் எண்டு எழுதினாச் சரி. விசாரணை எண்டு வெளியிலை தெரிஞ்சா கோயில்லை ஒருத்தருக்கும் முகம் குடுக்கேலாது" என்றார்.

"அண்ணை, அவனுக்கு நேற்றுவரைக்கும் அழுத்தம் இல்லை. இண்டைக்கு இருக்கிறதும் நாங்கள் குடுத்தது" என்றேன்.

"உனக்கு இந்த ஊர் விசயம் விளங்காது."

"விளங்காதுதான். ஆனா சரக்குப் பழுதெண்டு வாங்கினவன் திருப்பிக் கொண்டு வந்தா என்ன செய்யிறதெண்டு எனக்கு விளங்கும். பழுதில்லை எண்டு சத்தியம் பண்ணினா அவன் பிறகு வரமாட்டான். வியாழக்கிழமை நீங்கள் அவனை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். யூனிவேர்சிற்றிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. வாசல்லை இருங்கோ. உள்ளுக்கை அவன் கதைக்கட்டும்."

பிறகு, "வியாழக்கிழமை லீவு போடோணும்" என்று முணுமுணுத்தார். அதை நான் ஓம் என்று எடுத்துக்கொண்டேன். நீயும் அப்படியே எடுத்துக்கொள்.

பொய்யே சொல்லக்கூடாது என்று உனக்குப் பாடம் எடுக்க எனக்குத் தகுதியில்லை. மூன்று நாள் பழைய பழத்தை இன்று பறித்தது என்று நானும் சொல்லியிருக்கிறேன். நான் சொல்வது தொழில் கணக்கு. வருத்தம் என்று ஒரு கடிதம் கொடுத்தால் அன்றைக்குத் தப்புவாய். அதற்குப் பிறகு படிப்பு முடியும் வரைக்கும் நீ வருத்தக்காரனாக நடிக்க வேண்டும். அதைவிடப் பெரிய நட்டம், அடுத்த கட்டுரையும் உனக்கு எழுதத் தெரியாது. வருத்தம் சுகமாகிவிடும், எழுதத் தெரியாதது அப்படியே இருக்கும். நடந்ததைச் சொன்னால் தண்டனை வரலாம், ஆனால் யாராவது ஒருவர், அப்படியென்றால் எப்படி எழுத வேண்டும் என்று உனக்குச் சொல்லித்தருவார். நீ அங்கே போனது அதற்குத்தானே.

ஆகவே இப்படிச் செய். வியாழன் வரைக்கும் காத்திராதே. அதற்கு முன்பே அந்த விரிவுரையாளரிடம் போய் ஐந்து நிமிடம் கேள். நாலு பக்கமும் உங்கள் புத்தகத்தில் இருந்துதான் எடுத்தேன் என்று முதல் வசனத்திலேயே சொல்லிவிடு, சுற்றி வளைக்காதே. பிறகு, எங்கள் ஊரில் வாத்தியாரின் சொல்லை மாறாமல் திருப்பிச் சொல்வதுதான் மரியாதை என்றும் கெட்டித்தனம் என்றும் பழக்கினார்கள், அதற்குத்தான் எனக்கு மூன்று ஏ கிடைத்தது என்று சொல். அதை விளக்கமாகச் சொல், தப்பிக்கிற சாட்டாகச் சொல்லாதே. இரண்டுக்கும் வித்தியாசம் குரலில் தெரியும். நான் ஆயிரம் பேரிடம் கேட்டவள். இங்கே இது பிழை என்று உனக்கு முதல் வருடமே சொல்லியிருப்பார்கள், நீ காதில் போடவில்லை. அதையும் ஒளிக்காதே. அம்மாவின் மேல் பழியைப் போட வேண்டுமென்றால் தாராளமாகப் போடு. சந்தையில் நின்ற தோல் இது, தாங்கும்.

நேற்று உன் அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர், வளைவில்தான் வாய் திறப்பார். முழுதும் கேட்டுவிட்டு எழும்பி வரவேற்பறைக்குப் போனார். "இஞ்சாரும், உந்த ஆணியைப் புடுங்கட்டே?" என்றார். எந்த ஆணி என்று உனக்குத் தெரியும். நீ லண்டனுக்குப் போன கிழமையே பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், பட்டமளிப்பு உடுப்போடு நீ நிற்கப்போகும் படத்துக்காக அவரைக் கொண்டு நான் அடிப்பித்த ஆணி. வீடியோவில் கதைக்கும்போதெல்லாம் என் தலைக்குப் பின்னால் தெரியுமே. தற்செயலாக அந்த இடத்தில் உட்கார்ந்தேன் என்று நினைத்தாயா? இல்லை. ஒவ்வொரு முறையும் கதிரையை இழுத்துப் போட்டு, அது உன் கண்ணில் படுகிறதா என்று பார்த்துத்தான் உட்கார்ந்தேன். உன் படிப்பு நினைவில் இருக்கட்டும் என்று நினைத்தேன். உன் நினைவில் இருந்தது ஆணி. "விடுங்கோ, இருக்கட்டும்" என்றேன். இன்று காலையில் பார்த்தால் மனிதர் தன் சட்டையை அதில் கொழுவியிருக்கிறார். உண்மையில் அந்த இடத்தில் சட்டை நன்றாகத்தான் இருக்கிறது.

வந்திடட்டே என்று கேட்டாய். வரலாம். இது உன் வீடு, வருவதற்கு என் அனுமதி தேவையில்லை. மரம் பார்க்க, லொறியோடு போக எனக்கு ஆள் வேண்டும்தான், நீ வந்தால் அந்த வேலையை வெட்கமில்லாமல் செய்யலாம். ஆனால் வியாழக்கிழமைக்குப் பிறகு வா. அந்த அறைக்குள் போய், உன் வாயால் கதைத்துவிட்டு வருகிறவனுக்கு இந்த வீட்டில் என்ன முடிவென்றாலும் சோறு இருக்கிறது. அதற்குப் பயந்து முன்பே ஓடிவந்தால் சோறு அப்போதும் இருக்கும், ஆனால் நீ தின்னமாட்டாய். உன்னை எனக்குத் தெரியும்.

நீ கதைப்பாய் என்றுதான் நான் நம்புகிறேன். பதினேழு வயதில், மாங்காய்க் குவியலுக்கு முன்னால், அச்சடித்த தாளில் பிழை இருக்கிறது என்று சொன்ன பிள்ளை நீ. அந்தப் பிள்ளையை நான் வாயை மூட வைத்தேன், ஆனால் அவன் எங்கும் போயிருக்க மாட்டான்.

இந்த முறை மழை பிந்திப் போய்விட்டது, மிருசுவில் பக்கம் பூ குறைவு. கொழும்பு வியாபாரி இப்போதே தொலைபேசி எடுத்து, விலை கூட்டித் தருகிறேன், போன முறையைவிட இரண்டு பங்கு அனுப்பு என்று ஆக்கினைப்படுத்துகிறார். "விலை கூடத் தந்தா மரம் கூடக் காய்க்குமோ ஐயா?" என்று உன் கேள்வியை நான் அவரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு விலையை இன்னும் கூட்டினார். விலை ஏறும் என்று தெரிந்தும் ஏன் எங்களிடம் அதிகப் பழம் இல்லை, விலை ஏறியதைப் பார்த்து இன்றைக்கு எல்லோரும் கன்று நட்டால் அது காய்க்கிற வருடத்தில் சந்தை என்னாகும், அப்போது நான் என்ன செய்ய வேண்டும்? எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டும். திரும்ப எழுத ஒரு சந்தர்ப்பம் தந்தார்கள் என்றால் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கு. தராவிட்டாலும் எனக்காக எழுது. புத்தகங்களைப் பார், யார் சொன்னது என்று பெயரைப் போடு, பிறகு நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

எழுதியதைத் தமிழில் எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டு. இங்கே காலை ஐந்தரை ஆகும்போது எடு, நான் பெட்டிகளோடு இருப்பேன். இந்த முறை ஒத்துப்பார்க்க என் முழங்காலில் கொப்பி இராது.

அம்மா